ஆர்.சி. பள்ளியில் சேர்த்தால் கை கூப்ப வைப்பார்களா?

கேள்வி: 2025 மே 11, ஞாயிறு

வீடு கோச்சடையில். மகளுக்கு ஜூனில் ஒன்றாம் வகுப்பு. பக்கத்தில் சிஸ்டர்கள் நடத்தும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளி இருக்கிறது, அரசு உதவிபெறும் பள்ளி. என் மனைவி அது மாதிரிப் பள்ளியில் படித்தவள், அங்கேதான் சேர்க்க வேண்டும் என்கிறாள். என் அம்மா கூடவே கூடாது என்கிறார். எங்களுக்குக் குலதெய்வம் பாண்டி முனி. தினமும் ஜெபம் சொல்ல வைப்பார்கள், கை கூப்பாத பிள்ளையை அதட்டுவார்கள் என்பது அம்மாவின் பயம். அங்கே படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். கட்டாயப்படுத்துவார்களா, மாட்டார்களா?

மே 11, இரவு

சேர்த்துவிடுங்கள் தம்பி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 1990-லிருந்து 31 வருஷம் அப்படி ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தவள் சொல்கிறேன். சோழவந்தான் பக்கம், வாய்க்காலை ஒட்டிய கிராமம். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் இங்கே வேண்டாம். நான் சேர்ந்தபோது 140 பிள்ளைகள், ஓய்வு பெறும்போது 47. அதில் கத்தோலிக்கப் பிள்ளைகள் எந்த வருஷமும் பாதியைத் தாண்டியதில்லை. கட்டாயம் என்ற பேச்சே கிடையாது. ஒரு பிள்ளையையும் நாங்கள் கட்டாயப்படுத்தியதில்லை.

மே 12

சட்டம் என்ன சொல்கிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அரசியல் சட்டம் 30-ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் பள்ளியை நடத்தலாம் என்கிறது. 28-ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் சமயப் பாடத்துக்கும் வழிபாட்டுக்கும் ஒருவரைச் சம்மதம் இல்லாமல் உட்கார வைக்கக் கூடாது என்கிறது. சின்னப் பிள்ளை என்றால் பெற்றவர் சம்மதம். அவ்வளவுதான் சட்டம். படித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. காலை 9.20-க்கு ஐம்பது பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கும்போது அது எப்படி இருக்கும் என்பது வேறு விஷயம். அதைச் சொன்னால்தான் உங்கள் அம்மாவுக்குப் புரியும்.

திங்கள் காலை கொடியேற்றம். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறள், செய்தி வாசிப்பு. அப்புறம் சிஸ்டர் ஒரு ஜெபம் சொல்வார், எல்லாருக்கும் பொதுவாக: இன்று வராத பிள்ளைகளுக்காக, காய்ச்சலில் கிடக்கிறவர்களுக்காக, மழைக்காக. கொடிக்கால் ஊர் அது. மழைக்காக என்று சொன்னதும் வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். எந்த மதம் என்று அப்போது பார்த்துச் சொல்ல முடியாது.

ஜெபம் முடிந்ததும் இரண்டாகப் பிரிவோம். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஒரு அறை, மற்றவர்கள் நன்னெறிக்கு வராந்தா. அரை மணி நேரம். எங்கள் காலத்தில் அதற்கு ஞானோபதேசம் என்று பெயர், பிள்ளைகள் வாயில் ‘நானோதேசம்’. வராந்தாவில் கதை சொல்வேன் என்பதால் நானோதேசப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்கள்.

செவ்வாய் அந்தோணியார் நாள். சாயங்காலம் கெபியில், அதாவது சிலை வைத்த சின்னக் குகைக் கோயிலில், மெழுகுதிரி, உப்பும் மிளகும் போடுகிறவர்கள், கடைசியில் ஆளுக்கு ஒரு பன். அதற்கு ஊரே வரும். வெள்ளி, இயேசுவின் திரு இருதயத்துக்கு. மாதத்தின் முதல் வெள்ளி பள்ளியிலேயே பூசை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் என்றால் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம். சனிக்கிழமை லீவு. ஞாயிறு பூசை முடிந்து கோயில் திண்ணையில் மறுபடி மறைக்கல்வி, அதற்கும் நான்தான்.

மே 14, விடியற்காலை

மேலே எழுதியதில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. “ஒரு பிள்ளையையும் நாங்கள் கட்டாயப்படுத்தியதில்லை.” அது உண்மை இல்லை. நான் செய்திருக்கிறேன்.

1996 ஜூலை. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன், புதிதாகச் சேர்ந்தவன். பிரேயரில் எல்லாரும் கை கூப்பி நிற்க, அவன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். முதல் நாள் பார்த்தேன், விட்டேன். இரண்டாம் நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் அவன் பின்னால் போய், குனிந்து, இரண்டு கையையும் பிடித்து முன்னால் கொண்டு வந்து சேர்த்து வைத்தேன். அதட்டவில்லை, அடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, பாசமாகத்தான் செய்தேன். அவன் கை மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. நான் விட்டதும் அப்படியே விரிந்து கீழே விழுந்தது. மறுபடி சேர்த்து வைத்து, என் கையால் பொத்தி, ஜெபம் முடியும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவன் பாட்டி வந்தது. களைவெட்டுக்குப் போகிற வழி, இடுப்பில் களைக்கொத்து. சண்டை போடவில்லை. “ஏன் டீச்சர், எம்பேரனுக்குக் கும்புட எங்க வீட்ல சாமி இல்லையா?” என்று கேட்டது. நான் ஏதோ சமாளித்தேன், எல்லாச் சாமியும் ஒன்றுதானே பாட்டி என்று. அதற்கு அது, “ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும். கையைப் புடிச்சு வச்சா அது கும்புடா?” என்றது. எனக்குப் பதில் வரவில்லை. பாட்டி பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை, வேலைக்கு நேரமாச்சு என்று போய்விட்டது.

சிஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் பிரேயரில், கை கூப்ப விரும்புகிறவர்கள் கூப்பலாம், மற்றவர்கள் அமைதியாக நின்றால் போதும், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொன்னார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அந்தப் பையன் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வரை ஒருநாளும் கை கூப்பவில்லை.

ஆகவே தம்பி, உங்கள் அம்மாவின் பயம் காரணம் இல்லாத பயம் இல்லை. நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

மே 15

இரண்டு பக்கமும் கோபம் வந்திருக்கிறது. ஒருவர், “இதைத்தான் மதமாற்றம் என்கிறோம்” என்கிறார். எங்கள் ஆள் ஒருவர், “விசுவாசத்தைச் சொல்ல வெட்கமா டீச்சர்?” என்கிறார்.

முதலாமவருக்கு: அந்த 31 வருஷத்தில் என் வகுப்பில் படித்து மதம் மாறிய ஒரு குடும்பம்கூட எனக்குத் தெரியாது. கை எழுத்துத் திருந்தியவர்களைத் தெரியும், வாய்ப்பாடு ஏறியவர்களைத் தெரியும்.

இரண்டாமவருக்கு: வெட்கம் இல்லை. ஒரு பிள்ளை தானாகக் கை கூப்பி நிற்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தச் சந்தோஷம் உண்மையானது. ஆனால் அன்றைக்கு அந்தப் பையன் கையைப் பிடித்ததும் அந்தச் சந்தோஷம்தான். எனக்கு அது வேண்டியிருந்தது, அவனிடமிருந்து எடுத்தேன். இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் தவிர.

மே 15, இரவு

இன்னொன்றும் நினைவுக்கு வந்துவிட்டது. திங்கள்கிழமை மறைக்கல்வியில் முதல் கேள்வியே “நேத்துப் பூசைக்கு யார் யார் வரல, எந்திரி” என்பதுதான். நான் படித்தபோது அப்படித்தான் கேட்டார்கள், நானும் கேட்டேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாராவாரம் எழுந்து நிற்கும். கடைசியில் விசாரித்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவள் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் வேலை. தொட்டிலில் தம்பி. இவள் போனால் அவனைப் பார்க்க ஆள் இல்லை. அதற்கப்புறம் அந்தக் கேள்வியை விட்டேன். “நேத்துப் பூசையில் என்ன வாசகம்?” என்று பொதுவாகக் கேட்பேன், தெரிந்தவர் சொல்வார்கள், தெரியாதவர் கேட்டுக்கொள்வார்கள்.

கட்டாயம் வேறு மதத்துப் பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம்.

மே 19

அந்தப் பையன் என்ன ஆனான் என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். மணி அடித்தான்.

காலை, பகல், மாலை என்று மாதாவை நினைத்துச் சொல்வது மூவேளை ஜெபம். பகல் 12 மணிக்கு அதற்குக் கோயில் மணி அடிக்க வேண்டும். கோயில் பள்ளியை ஒட்டியே. கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் வயசாளி, வெயிலில் வர முடியாது, ஆகையால் ஒரு பையனை அனுப்புவோம். மூன்று அடி, நிறுத்தி மறுபடி மூன்று, நிறுத்தி மறுபடி மூன்று. இடையில் நிறுத்தும் நேரத்தில்தான் ஒவ்வொரு அருள்நிறை மரியே. கத்தோலிக்கப் பையன்கள் ஆளாளுக்கு அவசரத்தில் ஏழு, எட்டு என்று இழுத்துவிட்டு ஓடி வருவார்கள், சோறு போடும் நேரம் ஆயிற்றே. இவன் நாலாம் வகுப்பில் தானாக வந்து “நான் அடிக்கவா டீச்சர்” என்று கேட்டான். இரண்டு வருஷம் அடித்தான். ஒருநாள்கூட எண்ணிக்கை பிசகியதில்லை. வயலில் நிற்கிற பெண்கள் அந்த மணியை வைத்துத்தான் தூக்குவாளியைத் திறப்பார்கள். “இன்னைக்கு அவன் லீவா, மணி அவசரமா அடிச்சுச்சே” என்று சாயங்காலம் கேட்டவர்கள் உண்டு.

இடையில் அத்தனை சரியாக எப்படி நிறுத்துகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். கீழே நின்று உபதேசியார் வீட்டம்மா ஜெபம் சொல்வது கேட்குமாம், அது முடிகிற வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பானாம். கை கூப்பாத பையன் இதைச் சொன்னான். இதற்கு என்ன அர்த்தம் என்று அன்றும் நான் முடிவு செய்யவில்லை, இன்றும் செய்யவில்லை.

மே 20

திருத்தம். மூன்று, மூன்று, மூன்று அடித்த பிறகு கடைசியில் தொடர்ந்து ஒன்பது அடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, நீங்களும் கயிறு பிடித்தவர்தான் போலிருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. தம்பி மகளைச் சேர்த்துவிட்டதாக எழுதியிருக்கிறார். நல்லது. ஒரு வேலை செய்யுங்கள். சேர்க்கைப் படிவத்தில் சமயம், சாதி எழுத இடம் இருக்கும். ஜெபத்தில் நிற்பது பற்றி எழுத இடம் நான் பார்த்த படிவங்களில் இருந்ததில்லை. ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் விருப்பத்தை எழுதி, தலைமை ஆசிரியையிடம் நேரில் கொடுத்து, உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அரை மணி நேரம் பேசுங்கள். எழுதிக் கொடுப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்கு அப்படி யாராவது முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தால் நான் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன்.

வேன் வைத்து வரும் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகாமல் இங்கே வந்தீர்களே, அதற்கே அந்த டீச்சர்கள் சந்தோஷப்படுவார்கள். அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர் என்பது கணக்கு. எண்ணிக்கை குறையக் குறைய ஒரே ஆள் மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்க வேண்டும். கரும்பலகையை இரண்டாகக் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’, அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் போட்டவள் நான்.

ஜூன் 13, வெள்ளி

இன்று அந்தோணியார் திருநாள், அதுவும் வெள்ளிக்கிழமை. முட்டை ஞாபகம் வந்தது.

சத்துணவில் தினமும் முட்டை உண்டு. வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் அது பெரிய பாடு. இந்துப் பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டில் வெள்ளிக்கிழமை கவுச்சி கூடாது. தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று முட்டையைத் தள்ளி வைப்பார்கள். திருச்சபை கூடாது என்பது இறைச்சியைத்தான், முட்டைக்குத் தடை இல்லை. சிஸ்டர் எத்தனை முறை சொன்னாலும் வீட்டில் பாட்டி சொன்னதுதான் சட்டம். ஆக மார்ச் மாத வெள்ளிக்கிழமை வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பிள்ளைகள், ஒருத்தி மாரியம்மனுக்காக, ஒருத்தி இயேசுவின் பாடுகளுக்காக, ஒரே மாதிரி முட்டையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கியிருப்பார்கள். சத்துணவு அம்மா தலையில் கை வைத்துக்கொள்வார். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு, ஆனால் அதற்கு முன்னாலேயே பெயர் கொடுத்திருக்க வேண்டும். ஒதுக்கிய முட்டை எங்கே போகும் என்றால், எதற்கும் விரதம் இல்லாத நாலைந்து பையன்கள் உண்டு, அவர்கள் வெள்ளிக்கிழமைதான் தவறாமல் பள்ளிக்கு வருவார்கள்.

ஜூன் 14

புதனையும் வியாழனையும் எழுதவில்லை என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். புதன் சகாயமாதா நவநாள் ஜெபம், அது பெரியவர்கள் காரியம், சாயங்காலம். வியாழனுக்குப் பள்ளியில் தனியாக ஒன்றும் கிடையாது.

ஜூலை 9

தம்பியின் மகள் வீட்டில் சாப்பிடும் முன் சிலுவை அடையாளம் போட்டாளாம். அவர் அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாராம். “இதற்கு என்ன சொல்கிறீர்கள் டீச்சர்” என்கிறார்.

முதலில் என் மனதில் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம் வந்தது. உடனே பாட்டியின் களைக்கொத்தும் ஞாபகம் வந்தது.

ஆறு வயதுப் பிள்ளை பார்த்ததைச் செய்யும். பள்ளிக்கூடத்தில் நாற்பது பேர் சோற்றுக்கு முன் செய்வதை அவளும் செய்கிறாள். அது விசுவாசம் இல்லை, பயப்படவும் வேண்டாம். அவளைத் திட்டாதீர்கள், கையைத் தட்டி விடாதீர்கள். அதுவும் கையைப் பிடிப்பதுதான். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: சாப்பிடும் முன் நம் வீட்டில் என்ன சொல்வோம் என்று அவரே சொல்லிக் கொடுக்கட்டும். பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போய் அந்தக் கதையைச் சொல்லட்டும். பிள்ளைக்கு இரண்டும் தெரியட்டும், எது எந்த இடத்தில் என்பது அவளுக்கே பிடிபடும். எங்கள் பிள்ளைகளும் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத் தோளில் ஏறிப் போனவர்கள்தான், பங்குச்சாமி ஒன்றும் சொன்னதில்லை.

வகுப்பு டீச்சரிடமும் சொல்லுங்கள். வெள்ளைத்தாள் கொடுத்தீர்களா? கொடுத்திருக்க மாட்டீர்கள்.

ஜூலை 11

கொடுத்தாராம். சிஸ்டர் வாங்கிப் படித்துவிட்டு அவர் அம்மாவுக்குக் காபி கொடுத்தாராம். அம்மா குடித்தாராம்.

ஆகஸ்ட் 15

இரட்டைத் திருநாள். மாதா விண்ணேற்புக்குக் காலையில் பூசை, அது முடிந்து கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒரு வருஷம் கேட்டது: “டீச்சர், மாதா மேல போனதுக்காகத்தான் கொடியையும் மேல ஏத்துறமா?” கொடி 1947-க்காக என்று விளக்கிச் சொன்னேன். முழுக்க ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

ஆகஸ்ட் 26

இன்று முதல் நகர்ப்புறத்தில் இருக்கும் உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் முதலமைச்சரின் காலை உணவு. 2022 செப்டம்பர் 15-இல் நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் இதைத் தொடங்கினார்கள். கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-இல் வந்தது. தம்பியின் மகளுக்கும் இன்று கிடைத்திருக்கும்.

நான் எழுதும் விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. திங்கள் காலை பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிறு சத்துணவு கிடையாது, ஞாயிறு இரவு சில வீட்டில் ஒன்றும் இருக்காது. ஜெபம் நீண்டால் விழும். எங்கள் பழைய சிஸ்டர் ஒருவர் திங்கள்கிழமை மட்டும் ஜெபத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கான்வென்ட் அடுப்பில் கஞ்சி வைத்திருப்பார். யார் குடிக்க வேண்டும் என்று பெயர் கூப்பிட மாட்டார். “டம்ளர் கழுவ நாலு பேர் வாங்க” என்பார். கழுவப் போகும் பிள்ளைகள் குடித்துவிட்டுக் கழுவி வைத்துவிட்டு வரும். யாரைக் கூப்பிட வேண்டும் என்பது முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரியும். வருஷக்கணக்காக எனக்கு அது டம்ளர் கழுவும் வேலை என்றே நினைப்பு.

சத்துணவு 1982-இல் வந்தது. அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் சோறு கிடையாது.

ஆகஸ்ட் 27

மேலே கடைசி வரி தவறு. காமராஜர் காலத்திலேயே, 1956-இல், மதிய உணவு வந்துவிட்டது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் தொடங்கியது சத்துணவு. நானே சின்ன வயதில் ஞானஒளிவுபுரத்தில் பள்ளிக்கூடத்துக் கோதுமைச் சோறும் அமெரிக்கப் பால்பவுடர்ப் பாலும் சாப்பிட்டவள், எப்படி அதை எழுதினேன் என்று தெரியவில்லை. அந்தப் பாலின் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அக்டோபர் 8

ஜெபமாலை மாதம். தினம் ஒரு வீட்டில் ஜெபமாலை, பிள்ளைகள் ஜெபமாலையில் உள்ள மணிகளைப் பத்துப் பத்தாக முறை வைத்துச் சொல்வார்கள். அங்கே ஒரு சண்டை எப்போதும் வரும். பாட்டிகள், “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்பார்கள். பிள்ளைகள் பள்ளியில் படித்தது, “அருள் நிறைந்த மரியே வாழ்க.” என் மாணவி ஒருத்தி தன் அப்பாயியைப் பார்த்து “நீ சொல்றது தப்பு, டீச்சர் முட்டை போடுவாங்க” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அப்பாயி, “எம்மாதாவுக்கு இது அறுவது வருசமாப் புரியுதுடி” என்று அடுத்த மணிக்குப் போய்விட்டது. மறுநாள் வகுப்பில் நான் பாட்டி சொன்னதையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிரியதத்தம் என்றால் அருள். இரண்டும் ஒன்று.

சொல் மாறுவது எங்களுக்குப் புதிதில்லை. 1606-இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்ட இத்தாலியப் பாதிரியார் நொபிலி, பறங்கியர், அதாவது ஐரோப்பியர், சொல் வேண்டாம் என்று கோயில், குரு, வேதம், பூசை என்று இங்கிருந்த சொல்லையே எடுத்தார். அதனால்தான் உங்கள் அம்மாவும் நானும் பூசை என்றே சொல்கிறோம் தம்பி. பிற்பாடு எங்களுக்கு அது திருப்பலி ஆயிற்று. எனக்கு வாயில் வருவது இன்னும் பூசைதான்.

டிசம்பர் 6

தம்பி எழுதியிருக்கிறார்: மகள் பள்ளிக்குக் கேழ்வரகு கொண்டு போக வேண்டுமாம், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வளர்க்க. அவர் அம்மா கேட்டாராம், “முளைப்பாரியா போடுறாங்க?”

இதை எழுதத்தான் இத்தனை மாதம் நான் காத்திருந்தேனோ என்னவோ.

அதே 1996, டிசம்பர். குடிலுக்குப் பச்சை வேண்டும் என்று நாலு அலுமினியத் தட்டில் மண் பரப்பி, கேழ்வரகும் நெல்லும் தூவி, பிள்ளைகள் கை வைக்காமல் இருக்க ஆபீஸ் ரூம் பீரோவுக்கு அடியில் தள்ளி வைத்தேன். தினமும் தண்ணீர் தெளித்தேன். எட்டாம் நாள் இழுத்துப் பார்த்தால், முளைத்திருந்தது, ஒரு சாண் உயரம்கூட வளர்ந்திருந்தது. ஆனால் நூல் மாதிரி மெலிசு, வெளிறிய மஞ்சள், ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தது. குழந்தை இயேசுவைச் சுற்றி அதை எப்படி வைப்பது?

கை கூப்பாத பையன் எட்டிப் பார்த்தான். “எங்க பாட்டி முளைப்பாரி இப்படித்தான் டீச்சர் இருக்கும்” என்றான். சாயங்காலம் பாட்டியே வந்துவிட்டது. ஜூலைக்கு அப்புறம் அன்றுதான் பள்ளிக்குள் வந்தது. தட்டைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சிஸ்டர் கான்வென்டிலிருந்து வந்துவிட்டார். “இருட்டுல வச்சா அம்மனுக்கு. வெயில்ல வச்சாத்தான் ஒங்க புள்ளைக்கு” என்றது. உட்கார்ந்து, தட்டு மண்ணைக் கொட்டி, வாய்க்கால் கரம்பை மண்ணும் பொடித்த ஆட்டுப் புழுக்கையும் கலந்து, கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறப் போடச் சொல்லி, மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் வந்து தன் கையால் தூவியது. விரல் இடுக்கு வழியாக விழ விழ, ஒரு மணி மேல் ஒரு மணி படாமல். மேலே ஈரச் சாக்கு. முளை விட்டதும் சாக்கை எடுத்துவிட்டு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வெயிலில். கிறிஸ்துமஸுக்கு நாலு விரல் உயரம், கிளிப்பச்சை. நடுவில் மாட்டையும் ஆட்டையும் நிறுத்தினால் மேய்கிற மாதிரியே இருந்தது.

பழைய மஞ்சள் முளையை நான் குப்பையில் போடப் போனேன். பாட்டி விடவில்லை. முளைத்ததை ஓடுகிற தண்ணியில்தான் விட வேண்டும் என்று தானே எடுத்துப் போய் வாய்க்காலில் விட்டது. அப்புறம் அது இருந்தவரை வருஷா வருஷம் டிசம்பர் பத்துத் தேதிக்கு மேல் வந்துவிடும். ஜெபத்துக்கு நிற்காது. தூவிவிட்டுப் போய்விடும்.

தம்பி, கேழ்வரகு புதுசாக இருக்கட்டும், கடைப் பாக்கெட் பழசு முளைக்காது. ஒரு ராத்திரி ஊற வையுங்கள். உங்கள் அம்மாவுக்கு முளைப்பாரி போட்ட கை என்றால் அவரையே தூவச் சொல்லுங்கள்.

டிசம்பர் 22

படம் அனுப்பியிருக்கிறார். நல்ல அடர்த்தி. ஒரு ஓரம் மட்டும் சொட்டையாக இருக்கிறதே, அது மகள் தூவிய இடமா?

2026 ஜனவரி 4, ஞாயிறு

மூன்று ராஜாக்கள் திருநாள். இன்றோடு குடிலைக் கலைப்பார்கள். தம்பி எழுதியது: மகள் நாளைக்குப் புல்லைக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று அழுதாளாம். அவர் அம்மா இன்று மத்தியானமே பேத்தியோடு பள்ளிக்குப் போய், சிஸ்டரிடம் கேட்டுத் தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வைகைக்குப் போனாராம். கரையோரம் கொஞ்சம்தான் தண்ணீர் ஓடியதாம், இறங்கி நடுவே போய் விட்டுவிட்டு வந்தாராம்.

தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் தம்பி. அடுத்த டிசம்பருக்குத் தேடுவார்கள்.